அழையாமல் வரவேண்டிய விருந்தாளி

சென்ற வாரம் நம் அயல் வீட்டிலிருந்து கலியாணப் பத்திரிகை ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் மணப்பெண்ணின் தகப்பனார். நல்ல செய்தியோடு வந்தவரின் முகத்தில் அதற்கேற்ற மலர்ச்சி காணப்படவில்லை. தேநீர் கொடுத்து, இருக்கச் செய்து, மெல்ல விசாரித்தோம். அவர் சொன்ன வரலாற்றை வாசகர்களும் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில், நம் குடாநாட்டில் அது ஒரு வீட்டின் கதை மாத்திரமன்று.

அவருடைய மகள் யாழ்ப்பாணப் பட்டினத்திலே ஒரு புடைவைக் கடையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவள். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு வேலைக்குப் போனவள். காலை எட்டரை மணிக்குக் கடைக்குள் நுழைந்தால் இரவு ஏழு மணிக்குத்தான் வெளியே வருவாள். தீபாவளி, பொங்கல், வருஷப்பிறப்பு என்று வந்துவிட்டால் ஒன்பது மணியும் ஆகும். மாதந்தோறும் அவள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதத்தைச் 'சேமலாப நிதிக்கு' என்று பிடித்துக்கொண்டு, மீதியையே கையிற் கொடுத்தார்கள். திருமணத்தின் பொருட்டு வேலையை விட்டு நீங்கும் பெண்கள் தமது சேமலாப நிதியைப் பெற்றுக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. அந்தப் பணத்தைக் கொண்டு இரண்டு தையல் இயந்திரங்கள் வாங்கி, வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யலாமென்று அவள் எண்ணியிருந்தாள். விண்ணப்பம் கொடுக்கப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. ஆறு ஆண்டுக் கணக்கில் பதினான்கு மாதப் பணம் மாத்திரமே கிடந்தது.

"பெட்டிசம் எழுதிக் கொடுக்கவில்லையா?" என்று கேட்டோம்.

"என்ன அண்ணை சொல்லுறியள்! முதலாளி எங்கட ஊர் ஆள். மனிசியின்ர பக்கத்தால சொந்தமும். பிள்ளைக்கு அந்த நேரம் வேலை தந்ததும் அவர்தான். இப்ப என்ர தங்கச்சியின்ர மகளும் அங்கதான் நிக்கிறாள். நான் பெட்டிசம் போட்டால் அவளின்ர நிலைமை என்ன?" என்றார் அவர். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "முதற் பத்திரிகையும் அவருக்குத்தான் குடுத்தனான்" என்று முடித்தார்.

அவர் எழுந்து போனபின்னும் அந்தக் கடைசி வார்த்தை நம் மனத்தை விட்டுப் போகவில்லை.

தொழிலாளரைக் காக்க நம் நாட்டிற் சட்டம் இல்லையா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். சட்டத்துக்குக் குறைவில்லை. பிள்ளைப்பேற்றுக் காலத்தில் உழைக்கும் பெண்ணுக்குச் சம்பளம் கிடைக்க 1939 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. தொழில்தோறும் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபைகள் 1941 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டாயின. சுருட்டுத் தொழிலுக்கும் அவ்வாறு ஒரு சபை உண்டு. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் அளித்தது. 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. அதன்படி ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்தவேண்டும். 1980 இல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கென முதலாளி மேலும் 3 வீதம் செலுத்தவேண்டுமென்று விதிக்கப்பட்டது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் ஐந்தாண்டு உழைத்தவருக்குப் பணிக்கொடை வழங்கும் சட்டம் 1983 இல் வந்தது. தேசியக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கான சட்டம் 2016 இல் வந்தது. 2025 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அத்தொகை 2026 ஆம் ஆண்டு தை மாதம் முதல் மாதம் 30,000 ரூபாவாகும்.

நம் பாட்டன்மாரிற் பலர் சிறுவயதிலேயே தென்னிலங்கைப் பட்டினங்களுக்குச் சென்று, சுருட்டுக் கடைகளில் விடியுமுன் எழுந்து, நள்ளிரவில் அக்கடைப் பலகைகளின்மேலேயே படுத்துறங்கியவர்கள். அவர்கள் கனவிலும் காணாத பாதுகாப்புகள் இன்று எழுத்தில் இருக்கின்றன. ஆனால் எழுத்து தானாக நடந்து கடைக்குள் வருவதில்லை. அதை எடுத்துக்கொண்டு கடைவாசலுக்கு வரவேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவரே தொழில் திணைக்களத்தின் தொழில் உத்தியோகத்தர். முன்னறிவித்தலின்றி உள்ளே நுழையவும், சம்பளப் பதிவேட்டையும் வரவுப் பதிவேட்டையும் எடுத்துப் பார்க்கவும், ஊழியரைத் தனியே அழைத்து விசாரிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. எந்த வீட்டிலும் அழையா விருந்தாளிக்கு வரவேற்பு இராது. ஆனால் இந்த விருந்தாளி அழையாமல் வந்தாற்றான் வந்ததற்குப் பயன்.

இவ்வாறு ஒருவர் ஏன் வேண்டும், ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று சிலர் நினைக்கலாம். அதற்கு இங்கிலாந்தின் வரலாறு விடை கூறுகிறது. பஞ்சாலைகளில் உழைத்த சிறுவர்களைப் பாதுகாக்க அந்நாட்டுப் பாராளுமன்றம் 1802 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. ஆலைகளைப் பார்வையிடும் வேலை, அந்தந்தப் பகுதி நீதவான்கள் நியமிக்கும் இருவரிடம் விடப்பட்டது. ஒருவர் நீதவான், மற்றவர் குருவானவர். இருவரும் மதிப்புள்ள மனிதர்கள்தாம். ஆயினும் ஆலை முதலாளியும் அவர்களும் ஒரே ஊரவர். நன்மை தீமைகளில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவேண்டியவர்கள். சட்டம் ஏட்டிலேயே உறங்கிற்று. முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 1833 ஆம் ஆண்டில் நிறைவேறிய ஆலைச் சட்டம் அந்த வழியைக் கைவிட்டு, அரசாங்கம் சம்பளம் கொடுத்து நியமிக்கும் பரிசோதகர்களை ஏற்படுத்தியது. நாடு முழுவதற்கும் நால்வர்! அவர்களுள் ஒருவரான லெனார்ட் ஹோர்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆலை ஆலையாக ஏறி இறங்கி அறிக்கைகள் எழுதினார். பிற்காலத்தில் கார்ல் மார்க்ஸ் தமது 'மூலதனம்' என்னும் நூலில் அவருடைய தொண்டைப் பாராட்டியிருக்கிறார். நால்வர் போதாதென்பது வெளிப்படை. எனினும், ஊர்க்கட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவரே அதைச் செய்யக்கூடியவர் என்ற உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது.

இந்த உண்மையை உலகம் பின்னர் ஒப்பந்தமாகவே எழுதிக்கொண்டது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1947 ஆம் ஆண்டு தொழிற் பரிசோதனை பற்றிய 81 ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. இலங்கை 1956 ஆம் ஆண்டில் அதற்கு இணங்கிக் கையொப்பமிட்டது. அந்தச் சமவாயத்திலே நம் வாசகர்கள் கவனிக்கவேண்டியவை மூன்று. வேலையைத் திறம்படச் செய்யப் போதிய தொகையினராகப் பரிசோதகர்கள் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. இரவோ பகலோ, முன்னறிவித்தலின்றி அவர்கள் வேலைத்தலத்தினுள் நுழைய உரிமை வேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாவது, முறைப்பாடு செய்தவர் யாரென்பதை அவர்கள் வெளியிடலாகாது. முறைப்பாடு வந்ததனாலேதான் வந்தோம் என்பதையும் முதலாளிக்கு உணர்த்தலாகாது.

மூன்றாவது விதியைச் சற்று ஆழ்ந்து சிந்தித்தால், பரிசோதகர் குறைவு என்னும் குறை எவ்வளவு கொடியது என்பது விளங்கும். ஆண்டுக்கொரு முறையாவது எல்லாக் கடைகளுக்கும் உத்தியோகத்தர் போய்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் ஒரு கடைக்குள் நுழைந்தால், 'நம் முறை வந்துவிட்டது' என்றே முதலாளி நினைப்பார். முறைப்பாடு செய்த பெண்ணின் பெயர், வழக்கமாக நடக்கும் அந்த வருகைகளுக்குள் மறைந்துகொள்ளும். ஆனால் ஆட்குறைவினால் வழக்கமான வருகைகள் நின்று, முறைப்பாடு கிடைத்த இடங்களுக்கு மாத்திரம் உத்தியோகத்தர் போகிறார் என்றால் என்ன ஆகும்? அவர் வாசலில் மோட்டார்ச் சைக்கிளை நிறுத்தும்போதே, 'நம்மிடம் வேலை செய்பவர் யாரோ எழுதிவிட்டார்' என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். கடையில் வேலை செய்பவர்கள் ஐந்து பேர். அவர்களுள் யாரென்று கண்டுபிடிக்க அரை நாளும் வேண்டியதில்லை. உத்தியோகத்தர் வாய் திறவாமலிருந்தும் இரகசியம் வெளியாகிவிடுகிறது. ஆகவே, ஆள் குறையும்போது வருகைகள் குறைவதோடு முறைப்பாடு செய்யும் துணிவும் அற்றுப்போகிறது. முறைப்பாடுகள் குறைவாக இருப்பதைக் கண்டு, 'யாழ்ப்பாணத்திற் பிரச்சினை இல்லை' என்று மேலிடத்தில் உள்ளவர்கள் எண்ணிவிடவும் கூடும்.

இது எங்கும் உள்ள குறைதான். ஆனால் நம் குடாநாட்டில் அதன் பாரம் அதிகம். பெரிய தொழிற்சாலையிலே முதலாளி யாரென்றே தொழிலாளி அறியான். அவனுக்குத் தொழிற்சங்கம் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கி 1990 இல் போரினால் நின்றுபோகும்வரை நம் மக்களுக்கு அத்தகைய வேலைத்தலமாக விளங்கியது. ஓர் உத்தியோகத்தர் ஒரு நாளில் அங்கே சென்றால் நூற்றுக்கணக்கானோரின் நிலையை அறிந்து திரும்பலாம். 2009 இல் போர் முடிந்தபின் நம் பிள்ளைகள் பலருக்குக் கிடைத்த வேலைகள் வேறு வகையானவை. யாழ்ப்பாண நகரிலும், சுன்னாகத்திலும், நெல்லியடியிலும், சாவகச்சேரியிலும் பரந்து கிடக்கும் புடைவைக் கடை, பலசரக்குக் கடை, உணவுச்சாலை, தொலைபேசிக் கடை, தனியார் கல்வி நிலையம் ஆகியவற்றில் மூன்று பேர், ஐந்து பேர், பத்துப் பேராக அவர்கள் சிதறியிருக்கிறார்கள். அங்கே முதலாளி மாமன் முறையாகவும், அயலவராகவும், கோயில் உபயகாரராகவும், தகப்பனாரின் பழைய நண்பராகவும் இருக்கிறார். அவர்மேல் முறைப்பாடு செய்வது ஊரையே பகைத்துக்கொள்வது போலாகும். முறைப்பாடு செய்ய முடியாத இடத்திலேதான் அழையாமல் வருபவர் மிகவும் அவசியமாகிறார்.

எத்தனை பரிசோதகர்கள் வேண்டும்? தொழில் வளர்ச்சி மிகுந்த நாடுகளில் 10,000 தொழிலாளருக்கு ஒருவர், தொழில் வளர்ந்துவரும் நாடுகளில் 15,000 பேருக்கு ஒருவர், மிகவும் பின்தங்கிய நாடுகளில் 40,000 பேருக்கு ஒருவர் என்பது சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் காட்டியுள்ள அளவுகோல். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் 5 இலட்சத்து 83 ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். ஆனால் தலைக்கணக்கு மாத்திரம் போதாது. 15,000 பேர் பத்து ஆலைகளில் இருப்பது வேறு; மூவாயிரம் கடைகளில் இருப்பது வேறு.

உதாரணத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சனி, ஞாயிறு, போயா முதலிய விடுமுறைகள் போக உத்தியோகத்தர் ஒருவருக்கு ஆண்டில் சுமார் 220 வேலை நாட்கள் கிடைக்கும். சேமலாப நிதி நிலுவை விசாரணை, பணிக்கொடைத் தகராறு, நீதிமன்ற வழக்கு, கோவை எழுத்து ஆகியன அதில் பாதியை விழுங்கிவிடும். எஞ்சிய 110 நாட்களில் நாளொன்றுக்கு இரண்டு இடங்களைப் பார்த்தாலும் ஆண்டுக்கு 220 இடங்கள். மூவாயிரம் கடைகளை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கப் பதினான்கு பேர் வேண்டும். ஏழு பேரென்றால் ஈராண்டுக்கு ஒருமுறை. மூன்று பேரென்றால், ஒரு கடைக்குப் போனவர் மறுபடி அங்கே வருவதற்குள் வேலைக்குச் சேர்ந்த பெண் கலியாணம் முடித்துப் போய்விடுவாள். நெடுந்தீவுக்குப் போகவேண்டுமானால் குறிகட்டுவானிலே படகேறவேண்டும். ஒரு நாள் முழுவதும் அதற்கே போகும்.

ஆட்குறை நம் தொழில் திணைக்களத்துக்குப் புதியதன்று. ஆனால் 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபின் அரசாங்க சேவைக்குப் புதியவர்களைச் சேர்ப்பது பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. இளைப்பாறும் வயதும் 60 ஆகக் குறைக்கப்பட்டமையால், அவ்வாண்டு முடிவில் அனுபவம் வாய்ந்த பலர் ஒரே வேளையில் அரசாங்க சேவையை விட்டு நீங்கினர். செலவைக் குறைக்க அரசாங்கம் விரும்புவது இயல்பே. ஆயினும் எந்தச் செலவைக் குறைக்கிறோம் என்று பார்க்கவேண்டும். மாதம் 30,000 ரூபா பெறும் ஒரு பெண்ணுக்குச் சேமலாப நிதியில் மாதந்தோறும் சேரவேண்டியது 6,000 ரூபா. ஐந்தாண்டில், வட்டியில்லாமலே, அது 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. பத்துப் பெண்களின் கணக்கைச் சேர்த்தால் 36 இலட்சம். ஓர் உத்தியோகத்தரின் கண் ஒரேயொரு கடைப் பதிவேட்டின்மேல் விழாமற் போவதனால் இத்தனை நட்டம் உண்டாகலாம். நட்டப்படுவது அரசாங்கமன்று என்பதனாலேதான் அது எந்தக் கணக்கிலும் தோன்றுவதில்லை.

முதலாளிமார் யாவரும் கொடியவர் என்று நாம் கூறுவதாக யாரும் எண்ணவேண்டாம். பரிசோதகர் வராமையால் நட்டப்படுபவர்களுள் நேர்மையான முதலாளியும் ஒருவர். நமக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர், சிப்பந்திகள் எல்லோருக்கும் மாதந்தவறாமற் சேமலாப நிதி கட்டுபவர், ஒருமுறை நம்மிடம் சொன்னார்: "நான் கட்டுறன். எதிர்க்கடைக்காரர் கட்டுறேல்லை. அந்தக் காசை அவர் விலையில குறைக்கிறார். சனம் அங்க போகுது. நான் என்ன செய்ய?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர் தொழில் உத்தியோகத்தர். அவர் இரண்டு கடைகளுக்கும் போனால் வியாபாரம் நியாயமாக நடக்கும். போகாவிட்டால் நல்லவர் தம் நன்மைக்குத் தாமே தண்டம் கட்டுகிறார்.

'அவர்கள் வந்தாலும் ஒரு சேலையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்' என்று ஏளனம் செய்வோரும் உளர். அப்படி நடக்கும் இடங்களும் இருக்கலாம். ஒரே ஆள் ஒரே தெருவைப் பல்லாண்டு பார்த்துவரும்போது பழக்கமும் தாட்சணியமும் வளர்வது சகஜம். போதிய ஆட்கள் இருந்தால் பகுதிகளை மாற்றிக் கொடுக்கலாம்; ஒருவர் பார்த்ததை மற்றொருவர் சரிபார்க்கலாம். ஊழலுக்குப் பயந்து பரிசோதனையையே கைவிடுவது, சமையலில் உப்புக் கூடிவிட்டதென்று அடுப்பையே அணைப்பது போன்றதாகும்.

இனிச் செய்யவேண்டியவை யாவை? வெற்றிடங்களை நிரப்புவதும், போக்குவரத்துக்கு வேண்டியதைக் கொடுப்பதும் அரசாங்கத்தின் கடமை. ஆண்டுதோறும் எத்தனை பரிசோதகர்கள் இருந்தார்கள், எத்தனை இடங்களைப் பார்த்தார்கள், என்ன குற்றங்களைக் கண்டார்கள் என்று அறிக்கை வெளியிடவேண்டுமென்பது மேற்சொன்ன சமவாயத்தின் விதிகளில் ஒன்று. அந்தக் கணக்கை மாவட்ட வாரியாக, தமிழில், யாவரும் பார்க்கும்படி வெளியிடுமாறு நம் பாராளுமன்றப் பிரதிநிதிகள் கேட்கவேண்டும். எண்ணிக்கை வெளிச்சத்துக்கு வந்தால் குறையும் வெளிச்சத்துக்கு வரும்.

பெற்றோர் செய்யவேண்டியதும் உண்டு. பிள்ளை வேலைக்குச் சேர்ந்த அன்றே நியமனக் கடிதம் கேளுங்கள். மாதந்தோறும் சம்பளச் சிட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தை அறிந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிற் பணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆறு ஆண்டு கழித்து அறிவதிலும் ஆறு மாதத்தில் அறிவது நன்று. ஒரு மாதக் குறையைச் சுமுகமாகப் பேசித் தீர்க்கலாம், ஆறு ஆண்டுக் குறையைப் பேசித் தீர்ப்பது கடினம்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்று கனவு காண்பது நல்லதே. ஆனால் பரீட்சை எழுதித் தொழில் உத்தியோகத்தராகச் சேர்பவர், ஒரு நாளில் இரண்டு வாசல்களில் ஏறி, ஒரு கேள்வி கேட்டு, பத்துக் குடும்பங்களின் பிற்காலத்தைக் காப்பாற்ற முடியும். ஊராரின் முகத்தைப் பாராமல் நியாயத்தைப் பார்க்கும் துணிவு உள்ளவர்களுக்கு அந்த வேலை பொருந்தும். அத்தகைய பிள்ளைகள் நம் பள்ளிக்கூடங்களில் இல்லாமலில்லை.

அயல் வீட்டுக் கலியாணம் அடுத்த மாதம். நாமும் போவோம். முதலாளியும் வருவார், முன்வரிசையில் அவரை இருத்திச் சந்தனமும் கற்கண்டும் கொடுப்பார்கள், அவரும் மணமக்களை மனமார வாழ்த்திச் செல்வார். அவருக்குப் பத்திரிகை கொடுத்து அழைத்தார்கள். ஆறு ஆண்டுகளில் ஒருமுறையாவது அழையாமல் அந்தக் கடைக்கு வந்திருக்கவேண்டியவர் மாத்திரம் வரவில்லை. அவர் வந்திருந்தால், பெண்ணும் தன் தையல் இயந்திரங்களை வாங்கியிருப்பாள். முதலாளியும் கூச்சமின்றி அந்த முன்வரிசையில் இருந்திருப்பார்.